வாசலில் நிற்கும் பஸ்

"போராட்டத்துல சட்டியும் தட்ட மாட்டேன், மனுவுல கையெழுத்தும் போட மாட்டேன். போயிட்டு வா, எவரிஸ்தோ."

ஒப்துலியா கதவைச் சாத்தப் போனாள்.

எவரிஸ்தோ கதவிடுக்கில் காலை வைத்தார். குடியிருப்போர் சங்கத்திலேயே தலை நரைத்தவர். எத்தனையோ கதவுகள் அந்தக் காலைப் பார்த்திருக்கின்றன.

"பஸ்ஸை நிறுத்தப் போறாங்கக்கா. ஆள் ஏறலையாம். நிறுத்திட்டா, வயக்காட்டு நடுவுல இருக்கிற அதிவேக ரயில் ஸ்டேஷனுக்கு நாம எப்படிப் போறது?"

"நிறுத்தட்டும்."

கூட வந்த மைத்தேவுக்குச் சுருக்கென்றது. தினமும் அந்த பஸ்ஸில் போய்த்தான் அவள் மாட்ரிட் ரயிலைப் பிடிக்கிறாள்.

"ஏன் சொல்ல மாட்டீங்க? பஸ் போனா என் வேலையும் போச்சு. உங்களுக்கு என்ன போச்சு?"

"கார்ல போற பாதிரியார்கூடக் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் எவரிஸ்தோ. "பஸ் நிக்கிறதே உங்க வாசல்ல. ஹார்ன் சத்தம் மகாராணி தூக்கத்தைக் கெடுக்குதோ?"

ஒப்துலியா மறுபடி கதவைத் தள்ளினாள். எவரிஸ்தோ காலை எடுக்கவில்லை.

"போன வருஷம் இதே பஸ்ஸைக் கேட்டு மாகாண அலுவலகத்துக்கு முன்னாடி கரண்டி உடையிற அளவுக்குச் சட்டி தட்டினது யாரு? 'மாட்ரிட்லேருந்து ரயில் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது, ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்கு வரத்தான் வழியில்லை'ன்னு அதிகாரி முகத்துக்கு நேரா கத்தினீங்களே! என் துண்டறிக்கை எதிலயும் அப்படி ஒரு வரி இல்லை."

"அது என் வரி இல்லைப்பா. என் மகன் கஸ்பார் போன்ல சொல்றது."

"அப்புறம் என்ன? கஸ்பாருக்கும் சேர்த்துத்தானே கேக்கறோம்!"

ஒப்துலியா மைத்தேவைப் பார்த்தாள். கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். கதவில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"உன் வேலைக்காகப் போடறேன், பொண்ணே. சட்டி தட்ட மட்டும் கூப்பிடாதே."

எவரிஸ்தோ சிரித்தார். "இதுக்கா இவ்வளவு பிகு?"

"வேளாவேளைக்கு பஸ் என் வாசல்ல வந்து கதவைத் திறக்குது. ஜன்னல்லேருந்து பார்ப்பேன். இவளைத் தவிர யாரும் இறங்கறதில்லை."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பஸ் இல்லாதப்போ, பஸ் இல்லாததாலதான் என் மகன் வரலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்."