ஒன்பது வீட்டுக் கம்பி

“போனைக் கீழ வை தெக்லியா! நம்ம வீட்டு அழுகையை ஊர் பூரா கேக்கணுமா?”

கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி பனாஸ் கத்தினார். அவர் மனைவி அதைக் காதில் வாங்கவே இல்லை. சமையலறைச் சுவரில் இருந்த டெலிபோனில், நகரத்துத் தங்கையிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.

“ஆமாண்டி ஓலேனா, காலு ரெண்டு எடத்துல ஒடிஞ்சிருக்கு. நேத்து அடிச்ச காத்துல கொட்டகைக் கூரை வேற போச்சு. கோதுமை அத்தனையும் வயல்லயே கெடக்கு. புதன்கிழமை பனி விழும்னு ரேடியோல சொல்றான். விழுந்துச்சுன்னா நிலத்தை வித்துட்டு உன் வாசல்லதான் வந்து நிக்கணும். யாரையாவது கூப்பிடுங்கன்னா, இவர் செத்தாலும் கேக்க மாட்டேங்கிறார்டி!”

பனாஸுக்கு மானமே போயிற்று. அந்தச் சாலையில் ஒன்பது பண்ணைகளுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டில் பேச ஆரம்பித்தால் மற்ற எட்டு வீட்டிலும் சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

உதவி கேட்க அவருக்கு வாய் வராததற்குக் காரணம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு வரை சாலைக்காரர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து, பண்ணை பண்ணையாகப் போய்க் கதிரடித்தார்கள். முதன்முதலில் சொந்தமாக அறுப்பு மெஷின் வாங்கியவர் பனாஸ்தான். “இனிமே எவன் தயவும் எனக்கு வேண்டாம்” என்று எல்லார் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். பிறகு ஆளுக்கொரு மெஷின் வந்தது. மின்சாரம் வந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். பக்கத்து வயல்காரர் முகத்தைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது.

“பேசியாச்சா? இப்ப சந்தோஷமா?”

“கூடப் பொறந்தவகிட்டச் சொல்லாம, மரம் மாதிரி உக்காந்திருக்கிற உங்ககிட்டயா சொல்லி அழறது?”

மறுநாள் காலை ஜன்னல் அதிர்ந்தது. பனாஸ் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வயலில் நான்கு அறுப்பு மெஷின்கள். முன்னால் பக்கத்துப் பண்ணை யூர்கோ.

“என்னப்பா, வழி தவறிட்டியா?”

“புது பெல்ட் மாட்டியிருக்கேன் அண்ணே. ஓட்டிப் பாக்கலாம்னு வந்தேன். உங்க வயல்தான் மேடு பள்ளம் இல்லாம இருக்கு.”

“இந்த ஜில்லாவுல மேட்டை நீ எங்கடா பார்த்த?”

“ரெண்டு எடத்துல ஒடிஞ்ச காலோட நின்னு வாயாடாதீங்க. உள்ள போங்க!”

ரெண்டு இடம் என்று இவனுக்கு யார் சொன்னது? கோபப்படத்தான் பார்த்தார் பனாஸ். முடியவில்லை. திரும்பி உள்ளே போனார்.

பொழுது சாய்வதற்குள் கோதுமை முழுவதும் குதிருக்குள் போய்விட்டது. வந்தவர்கள் நன்றியைக்கூட வாங்கிக்கொள்ள நிற்காமல் கிளம்பிப் போனார்கள்.

சற்று நேரத்தில் கதவைத் தட்டியது டெலிபோன் கம்பெனி ஆள்.

“நாளைக்குக் காலையில உங்க வயல் வழியா வண்டியை விட்டுக்கலாங்களா? டவுனுக்குப் போற கம்பி அறுந்து ஓடைத் தண்ணியில கெடக்குது. சனிக்கிழமை காத்துல போனது.”

“எங்க போன் நல்லாத்தானே இருக்கு? நேத்து ராத்திரிகூட என் மச்சினிச்சிகிட்ட இவ பேசினாளே!”

“நகரத்துக்கா? அதுக்கு வழியே இல்லைங்க. ரெண்டு நாளா இந்த ரோட்டு ஒன்பது வீடும் தங்களுக்குள்ள மட்டுந்தான் பேசிக்க முடியும்.”

பனாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பீட்ரூட் சூப்பைக் கிளறுவதிலேயே மும்முரமாக இருந்தாள்.

கம்பெனி ஆள் போனதும், பனாஸ் நொண்டிக்கொண்டே போய் டெலிபோனின் மணிக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, எடுத்துக் காதில் வைத்தார்.

“ஓலேனா... ரொம்ப நன்றிம்மா,” என்றார்.

எட்டு வீட்டிலும் போனை மெல்லக் கீழே வைக்கும் சத்தம், ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது.