மாமன் மடி

ஜெயபாண்டி ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“வாட்டி என் சீனிக்கட்டி. மாமன் மடி காலியாக் கெடக்கு.”

கல்பனாவின் மகள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள். மூன்று வயது. செண்பகத்தோப்பில் குலசாமி கோயில் வாசலில் அப்போதுதான் முடி இறக்கியிருந்தார்கள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. அடுத்தது காதுகுத்து.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கல்பனாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பெரியப்பா மகன் ஜெயபாண்டிதான் அண்ணன் முறை. போலீசில் ஏட்டு. ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்து, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

அவருடைய வலது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் அது ஆடும்.

அந்த மடியைக் கல்பனாவுக்குத் தெரியும். மகள் அதில் உட்காரக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம், கால் விரலில் தொடங்கி, மரத்துப் போயிருந்தது.

அவள் புருஷன் மாரிச்சாமி, வேனிலேயே விட்டுவிட்ட தேங்காய்ப் பையை எடுக்கப் போயிருந்தான். ஆசாரி எலுமிச்சம்பழத்தில் ஊசியைச் செருகி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தச் செத்த நேரத்துக்குள் பெண்கள் நேற்று பார்த்த டிவி நாடகத்துக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு பெண். நன்றாகத்தான் இருப்பாள். திடீரென்று வேறொருத்தியாகிவிடுவாள். ஒரு நேரம் முரட்டுக் குரலில் எல்லாரையும் ஏசுவாள். ஒரு நேரம் சின்னப் பிள்ளையாகச் சுவரோடு ஒடுங்குவாள். நேற்று டாக்டர் கேட்டார், இப்போது பேசுவது யார் என்று. “குட்டிமா. ரெண்டாங்கிளாஸ்” என்றாள், விரலைச் சூப்பிக்கொண்டே.

“பேய் புடிச்சவளுக்கு டாக்டரு என்ன செய்வாரு?” என்றாள் கல்பனாவின் மாமியார் அங்காளம்மாள்.

“பேயில்ல மதினி. சின்னதுல எவனோ என்னமோ பண்ணிருக்கான். தாங்க ஏலாம உள்ளுக்குள்ள வேற வேற ஆளா ஆகிட்டா. அதத்தான் டாக்டரு சொல்றாரு,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அவன் யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும்,” என்றார் ஜெயபாண்டி. “வெளியாள் கிடையாது. வீட்டுக்குள்ளதான் இருப்பான். நம்ம சர்வீஸ்ல எம்புட்டுப் பாத்தாச்சு.”

“ஏட்டையாவ விட்டா ஒரே நாள்ல கதைய முடிச்சிருவாக!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முழங்கால் ஆடியது.

கல்பனாவும் அந்த நாடகத்தை விடாமல் பார்க்கிறவள்தான். இப்போது காத்திருந்தாள். உள்ளேயிருந்து யாராவது எழுந்து வந்து பேசட்டும் என்று. அந்த முரட்டுக் குரல்காரியைப் போல ஒருத்தி வந்தால் போதும்.

யாரும் வரவில்லை.

தேங்காய் வந்துவிட்டது.

“ஏட்டி கல்பனா, நல்ல நேரம் போகுது. பிள்ளையக் குடு. மரமாட்டம் நிக்கியே,” என்றாள் அங்காளம்மாள்.

கல்பனா நடந்தாள். ஜெயபாண்டி இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஆசாரிக்கு எதிரே வெறும் மண்ணில் உட்கார்ந்து, மகளைத் தன் மடியில் இருத்திக்கொண்டாள்.

“இங்க வச்சுக் குத்துங்க.”

குரல் கீச்சென்று வந்தது. அது யாருடைய குரல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. உடம்பு நடுங்கியது. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

“ஆத்தா வந்துட்டா!” என்றாள் அங்காளம்மாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

பூசாரி திருநீற்றுக் கொப்பரையோடு ஓடி வந்தார். ஒரு பிடி அள்ளி அவள் நெற்றியில் அறைந்தார். பாதி, மகளின் சந்தனத்தில் உதிர்ந்தது.

“தாயி, வந்திருக்கது யாரு? பேரச் சொல்லு. பிள்ளைக எதும் கொற வச்சிருந்தாச் சொல்லு.”

கல்பனா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“கல்பனா,” என்றாள். “நாலாங்கிளாஸ்.”

குலவை அறுந்தது. யாரோ ஒருத்தி க்ளுக்கென்றாள். “ஏ, நாடகத்துல வந்தது மாதிரியேல்லா சொல்லுதா!” அவ்வளவுதான், சிரிப்பு ஜமுக்காளம் முழுக்கப் பரவிவிட்டது. மாரிச்சாமிகூடத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

“யாரா இருந்தா என்ன, சொன்ன எடத்துலயே குத்துங்க,” என்றார் பூசாரி. ஆசாரி எலுமிச்சம்பழத்திலிருந்து ஊசியை உருவினார்.

மகள் வீறிட்டாள். கல்பனா அவள் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெயபாண்டியின் முழங்கால் நின்றிருந்தது.