வடிவுநாயகி இறக்கிய விமானம்

ஏழாம் வரிசையில் சங்கரநயினாரும் அவர் மனைவி உலகம்மாளும். பின்வரிசையில் தம்பி ஆவுடையப்பனும் தம்பி மனைவி செண்பகமும். முன்னால், விமானி அறையில், காப்டனுக்குப் பக்கத்து இருக்கையில் தம்பி மகள் வடிவுநாயகி. ஏழாம் வரிசை ஜன்னலோரம் யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரர்.

அந்தக் குடும்பத்தில் யார் புதிதாக வண்டி ஓட்டினாலும் முதல் சவாரி மூத்தவருக்கு. டிராக்டருக்கும் அப்படித்தான். லாரிக்கும் அப்படித்தான்.

விமானத்துக்கும் அப்படித்தான் என்று ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும் சங்கரநயினார் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் யோசித்தார்.

"துணை விமானி வடிவுநாயகி" என்றது ஒலிபெருக்கி. அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

கோயம்புத்தூர்க்காரர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையப் பாத்தீங்களா? காலேஜ் போறதாட்ட இருக்குது. இப்பெல்லாம் கம்பெனிக்காரங்களே சின்னப் புள்ளைகளா எடுத்து, ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்து, நேரா இத்தாப் பெரிய பிளேன்ல உக்கார வெச்சர்றாங்க. குட்டி பிளேன்ல ஒரு பத்து வருசம் ஓட்டிப் பழகிட்டு வரட்டுமேங்க?"

ஒரு வார்த்தை மாறவில்லை. இதையேதான் சங்கரநயினாரும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சியில் அவளைச் சேர்த்ததற்காகத் தம்பியோடு பேச்சையே நிறுத்திப் பார்த்தவர்.

வீட்டில் சொல்வது வேறு. வெளியாள் சொல்வது வேறு.

"பொறக்கும்போதே அனுபவத்தோடயா வந்தாவ எல்லாரும்? சிமுலேட்டர்ல எல்லாம் பழகியாச்சு. எஞ்சின் நின்னாக்கூட எறக்கிரும். பக்கத்துல காப்டன் இருக்காருல்லா?"

வடிவுநாயகி அவரிடம் வாதாடியபோது சொன்னது, வரிக்கு வரி.

பின்வரிசையில் தம்பி இருமினான்.

"அந்தப் புள்ளை உங்களுக்குத் தெரிஞ்சதுங்களா?"

"எங்க வீட்டுப் பிள்ளை."

கோயம்புத்தூர்க்காரர் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

சங்கரநயினாரும் இறுக்கினார். துண்டால் மறைத்துக்கொண்டு.

மேலே போனவரைக்கும் குறையில்லை. மேகத்திலும் குறையில்லை.

பிறகு தரை.

தட்.

"ஏ தாயீ!" என்றாள் உலகம்மாள்.

மறுபடியும் தட்.

விமானம் ஓடி, மூச்சு வாங்கி, நின்றது. கோயம்புத்தூர்க்காரர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"இது காப்டன் எறக்கினது. அனுபவஸ்தர்தான். வயசாயிட்டுல்லா, கை நடுங்கும்."

இறங்கும் வரிசை நகர்ந்தது. விமானி அறை வாசலில் அவள் நின்றாள். தோளில் கோடுகள். முகமெல்லாம் பல்.

"பெரியப்பா! எறக்கினது நாந்தான்!"

அவருக்குப் பின்னால் கோயம்புத்தூர்க்காரர் செருமினார்.

சங்கரநயினார் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலையில் கை வைத்தார். கை நடுங்கியது.

வடிவுநாயகி இறக்கிய விமானம் இரண்டு தடவை துள்ளியதாக ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. விமானம் ஒழுங்காகத்தான் இறங்கியது. ஓடுதளம் அன்றைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.