ஆறாவது அதிகாரம்

அத்தனை புத்தகங்கள் இருக்க, அவர் கை நேராக அந்த ஒன்றுக்குத்தான் போனது.

பழுப்பு அட்டை. 'நூலகரின் தொழில் மேம்பாடும் தொடர்புகளும்.' எழுதியவர், முனைவர் இராமச்சந்திரன்.

எடுத்தவரும் அவரே. எங்கள் கல்லூரியை ஆய்வு செய்ய வந்த குழுவின் தலைவர்.

எனக்கு முதுகில் வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் ஆய்வுக்காக முந்தாநாள் மாட்டியது.

முதல் பக்கத்தைத் திருப்பினார். பச்சை மையில் அவருடைய கையெழுத்து. 'நூலகர் ஷாரோனுக்கும் அவருடைய நூலகத்துக்கும், அன்புடன்.' கீழே இன்றைய தேதி.

காலையில் ஒரகடத்தில், ஷாரோனின் கல்லூரியில், கேமராவைப் பார்த்தபடி தன் கையாலேயே அவர் அலமாரியில் வைத்த புத்தகம். மதியம் மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் என் அலமாரியில் இருந்தது.

இதில் எங்கள் தவறு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டையில் ஓர் ஓட்டலில் நூலகர்களுக்கு ஒருநாள் பயிற்சி. கழுத்தில் அட்டை, தட்டில் இரண்டு பிஸ்கட். பக்கத்து நாற்காலிக்காரரோடு கைகுலுக்கி மூன்று கேள்வி கேட்க வேண்டும். பக்கத்துக் கல்லூரி நூலகர்தான் உங்கள் பலம், இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று மேடையில் நாற்பது நிமிடம் பேசியவர் இதே இராமச்சந்திரன் சார். இருபத்திரண்டு பேர் கை தட்டினோம். மற்றவர்கள் சான்றிதழை லேமினேஷன் செய்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நானும் ஷாரோனும் மட்டும்தான் அதைச் செயல்படுத்தினோம்.

விதிப்படி ஒரு கல்லூரியில் இருக்க வேண்டிய நூல்களில் பாதி அவளிடம் இருந்தது, பாதி என்னிடம். சேர்த்தால் அருமையான நூலகம். என்ன, அது ஒரு நேரத்தில் ஓர் ஊரில்தான் இருக்கும்.

கல்லூரி முத்திரையைக்கூட நாங்கள் புத்தகத்தில் குத்துவதில்லை. துண்டுத் தாளில் குத்தி, ஓரத்தில் மட்டும் பசை. தலையணை உறை மாதிரி கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

மதியம் ஷாரோன் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "வினோ, கமிட்டிக்கு பிரியாணி எறக்கியாச்சு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. டில்லிபாபு அண்ணன் ரெண்டு டெம்போவையும் எடுத்துகினு கெளம்பிட்டாரு. நீ பசைய கலக்கி வெச்சுக்கோ."

அந்த அவசரத்தில் சாரின் அன்பளிப்பும் வண்டி ஏறிவிட்டது. எந்த நூலகத்துக்குப் போனாலும் மனிதர் முதலில் தன் புத்தகத்தைத்தான் தேடுவார் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த ஆய்வு நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம் என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

வேலை நிரந்தரமானால் என் கணவர் மோகன்ராஜ் ஓசூர் பிளாண்டுக்கு மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் அவர் அங்கே, நானும் மகளும் இங்கே. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் வாசலில் ஒருமுறை திரும்பி வந்து, என் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனார்.

இராமச்சந்திரன் சார் தன் கையெழுத்தைத் தானே விரலால் தடவிப் பார்த்தார்.

குழுவின் மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஏசிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். இன்னொருவர் போனில் யாருக்கோ மண்டபம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"இரவல் சார். அவங்க நூலகத்துலேர்ந்து நான்தான் கேட்டு வாங்கினேன். உடனே படிக்கணும்னு."

காலையில் வைத்த புத்தகம். சாயங்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒருத்தி பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிக் கேட்டு வாங்கிவிட்டாள். இதை நம்பாத எழுத்தாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "படிச்சிட்டீங்களா?"

"ஒரே மூச்சுல சார்."

"எந்த அதிகாரம் பிடிச்சுது?"

நடுவில் எதையாவது சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். "ஆறாவது சார். பகிர்ந்துக்கறத பத்தி எழுதியிருக்கீங்களே, அது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொருளடக்கத்தைத் திருப்பி, புத்தகத்தை என் பக்கம் நீட்டினார்.

மொத்தம் ஐந்து அதிகாரங்கள்.

ஓசூர் பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. ஜன்னலோரத்தில் மோகன்ராஜ் உட்கார்ந்திருந்தார்.

சார் மேஜையில் இருந்த ஆய்வுப் படிவத்தை எடுத்தார். 'நூல்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பச்சை மையால் 'சரியாக உள்ளது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

பிறகு புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஏசிக்குக் கீழே இருந்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நாளைக்கு மணிமங்கலம் பக்கத்துல ஆய்வும்மா. அங்கயும் பாதி அலமாரி காலிதான். டெம்போவுல ஏத்தறப்ப இத மட்டும் ஏத்திடாதீங்க. அங்க நான் வேற ஒண்ணு குடுப்பேன்."