பாதியில் நின்ற வரி

பாய்லர் வெடித்து ஒருவர் இறந்திருந்தார். அதன் அழுத்தத்தைப் பதியும் கணினிக் கோப்பு, அதற்கு ஆறு நிமிடம் முன்பே பாதி வரியில் நின்றிருந்தது.

“மிச்சத்தை யாரும்மா அழிச்சது?” என்றார் விசாரணை அதிகாரி.

“யாரும் அழிக்கல சார். எழுதறது மெமரியில சேர்ந்து, நிறைஞ்சப்புறந்தான் டிஸ்குக்குப் போகும். வெடிச்சதுல கரண்ட் போனதும் மெமரியில இருந்ததும் போயிடுச்சு,” என்றாள் அந்தப் பதிவுக்கான நிரலை சி கணினி மொழியில் எழுதிய ஜெசிந்தா.

“உடனுக்குடன் எழுத வழியில்லையா?”

“இருக்கு சார். ஃபிளஷ்னு ஒரு வரி. போட்டிருந்தேனே…”

நிரலைத் திறந்தாள். வரி இருந்தது. அது இயங்காதபடி முன்னால் இரண்டு சாய்கோடுகள். மாற்றிய தேதி, வெடிப்புக்கு முந்தின நாள். மாற்றியவர், ஜெசிந்தா. அன்று அவள் விடுப்பில் இருந்தாள்.

“பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?” என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

அவளுடைய விடுப்புக் கடிதத்தின் அடியில் பாஸ்வேர்டை எழுதித் தரச் சொன்னவரே அவர்தான். அந்தக் கடிதமும் அவரிடம்தான் இருக்கிறது.