எடு

பழைய டீசல் காரின் பானெட் திறந்து நிற்கிறது. “மெக்கானிக் எதுக்கு? ஃபில்டர் மாத்துறது ஒரு வேலையா?” என்று காலையில் வீறாப்பு பேசியவனின் வலது கை, இப்போது ஃபேன் பெல்ட்டுக்குப் பின்னால் முழங்கை வரை மாட்டிக்கொண்டிருக்கிறது. நழுவி விழுந்த ஸ்பானரைத் தேடிப் போன கை, போன வழியில் திரும்பி வரமாட்டேன் என்கிறது. மணிக்கட்டில் டீசல் சொட்டுகிறது. இழுக்க இழுக்கத் தோல்தான் உரிகிறது. இன்ஜின் சுற்றினால் பெல்ட்டும் சுற்றும். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குத் தெரிவதெல்லாம் பானெட் தகடு மட்டும். ‘எடு’ என்று குரல் கேட்டால் சாவியைத் திருக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு இட்ட வேலை. பானெட்டின் அடிச்சந்து வழியே சாவியைப் பிடித்திருக்கும் அவள் விரல்கள் அவனுக்குத் தெரிகின்றன. “என்னங்க, ஸ்பானர எடுத்தாச்சா?” “இன்னும் எடு...” என்கிறான். சுரீரென்று ஏறிய வலியில் ‘க்கல’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. டக்கென்று சாவி பாதி திரும்புகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. உள்ளே சூடேறி அந்த விளக்கு அணைந்த பிறகுதான் சாவியை முழுசாகத் திருக வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவன் அவன்தான். அவளும் சமத்தாக, அது அணையக் காத்திருக்கிறாள்.