மஞ்சள்கால் தவளை

வால்பாறையில் தவளைகளை ஆராய்ந்த இன்பவல்லி, மஞ்சள்கால் தவளையும் கறுப்புக்கால் தவளையும் வெவ்வேறு இனம் என்றாள். மரபணுக் கருவி இரண்டும் ஒன்றுதான் என்றது. கருவி சொல்வதுதான் சட்டம். கறுப்புக்கால் தவளைகள் ஏராளமாக இருந்ததால், மஞ்சள்கால் தவளைகளின் ஓடையை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு பெண் தவளை; அதை அவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

கறுப்புக்கால் ஆண்களைப் பிடித்துவந்து பக்கத்தில் விட்டாள். அவை தொண்டை கிழியக் கத்தின. பெண் தவளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு, முன்பு ஓடையில் பதிவுசெய்திருந்த மஞ்சள்கால் ஆணின் குரலை ஒலிபெருக்கியில் போட்டாள். தவளை தாவி வந்து அதன்மேல் ஏறிச் சுற்றிச் சுற்றித் தேடியது.

"பாருங்க, அதுக்குத் தெரியுது! படம் எடுத்து அனுப்பினா நம்புவாங்க" என்றாள் கணவனிடம்.

ஞானமணி குனிந்து தவளையைப் பார்த்தான். "நம்பட்டும். ஆனா அது இல்லாத ஒருத்தனைத் தேடுது, வல்லி. நிறுத்திடு."

நிறுத்தினாள். தவளை இறங்கவில்லை. அடுத்த குரலுக்குக் காத்திருந்தது. அதன் தோல் உலர்ந்துவிடாதபடி, இன்பவல்லி விரலால் தண்ணீர் தொட்டுத் தொட்டு அதன் முதுகில் விட்டுக்கொண்டிருந்தாள்.